ஜான் பிரவுன் வீட்டு ஒளிப்படங்கள்

அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுனைப் படங்களின் வழியே அறிந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய தாடியைத்தான் அறிந்திருக்கிறார்கள். கான்சஸ் மாநிலத் தலைநகர் டொபீகாவில், சட்டமன்றக் கட்டடத்தின் சுவரோவியத்தில், ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் விவிலியமுமாக, சூறைக்காற்றில் தாடி பறக்க அவர் நிற்கிறார். அவர் தூக்கு மேடைக்குச் செல்லும் காட்சியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியங்களிலும் தாடி உண்டு. ஆனால் 1800 மே 9 அன்று பிறந்து 1859 டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்ட அந்த மனிதர், வாழ்நாளின் மிகப் பெரும் பகுதியை மழித்த முகத்துடனேயே கழித்தார். 1858-இல் கான்சஸில் வேறு பெயரில் நடமாட வேண்டியிருந்தபோது அடையாளத்தை மறைக்க வளர்த்த தாடி அது. அதை அவர் நீளமாக வைத்திருந்த காலம் ஓராண்டை ஒட்டியதே.

அவரைப் பற்றிய எழுத்து மலையளவு குவிந்திருக்கிறது. அவர் புனிதரா, வெறியரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்குக்குள் நான் இறங்கவில்லை. அவரும் அவருடைய மனைவி மக்களும் ஒளிப்படக் கருவியின் முன் அமர்ந்த படங்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், எழுத்தில் எளிதில் தட்டுப்படாத ஒன்று தெரிகிறது என்பதே என் எண்ணம். பிரவுன் தம் படங்களில் தாம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்திருக்கிறார். வீட்டாரின் படங்களோ வீட்டுக்காக எடுக்கப்பட்டவை. பின்னர் ஊருக்குச் சொந்தமாகிவிட்டவை. அவர் செய்த முடிவுகளின் விலையை யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அந்த இரண்டாம் வகைப் படங்களிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

முதலில் வருவது 1846–47 காலத்து டாகுரோடைப், அதாவது உலோகத் தகட்டில் பதியும் தொடக்க கால ஒளிப்படம். இன்று வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கும் இப்படத்தின் உயரம் சுமார் பத்து சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மழித்த முகம், தாழ்ந்த நெற்றியிலிருந்து மேல்நோக்கி வாரிய முடி, கோடு கிழித்தாற்போல் இறுகிய வாய். ஒரு கை, நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவரின் கைபோல, உள்ளங்கை தெரிய உயர்ந்திருக்கிறது. மற்றொரு கை ஒரு சிறு கொடியைப் பற்றியிருக்கிறது. தப்பியோடும் அடிமைகளை அப்பலாச்சிய மலைத்தொடர் வழியாக வடக்கே கொண்டுசெல்ல அவர் வகுத்துவந்த 'நிலத்தடிப் பாதை' என்ற திட்டத்தின் கொடி அது என்று கருதப்படுகிறது.

அந்தக் காலத்தில் ஒரு கையை உயர்த்திப் படமெடுத்துக்கொள்வது எளிய காரியமன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டிப் பொன்னிறம் ஏற்றி, கருவிக்குள் வைத்து ஒளியில் காட்ட வேண்டும். அமர்ந்திருப்பவர் பல நொடிகள் அசையாமல் இருந்தாக வேண்டும்; தலை ஆடாமலிருக்கப் பின்புறத்தில் இரும்புத் தாங்கி வைப்பதும் வழக்கம். பிறகு தகட்டைச் சூடான பாதரச ஆவியில் பிடித்தால் உருவம் வெளிப்படும். கைகளை மடியில் வைத்துக்கொள்ளும்படி படக்காரர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான். பிரவுன் அதைக் கேட்கவில்லை. காற்றில் நிறுத்திய கை கலங்காமல் பதிந்திருக்கிறது. அவருடைய மன உறுதியைப் பற்றிப் பலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்; எனக்கு இந்த நடுங்காத ஐந்து விரல்கள் போதும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். டாகுரோடைப்பில் படச்சுருளோ, பிரதி எடுக்க உதவும் நெகட்டிவோ கிடையாது. அந்தத் தகடே படம், உலகில் ஒன்றுதான். அது உருவத்தைக் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிக் காட்டும். ஆகவே உயர்ந்திருப்பது எந்தக் கை என்று சொல்லும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். தகட்டைச் சற்றே சாய்த்தால் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் மாறும். இன்னும் சாய்த்தால் பார்ப்பவரின் முகமே அதில் தெரியும். கணினித் திரையில் நாம் பார்ப்பது அந்தத் தகட்டின் ஒரு கோணத்தை மட்டுமே.

படத்தை எடுத்தவர் அகஸ்டஸ் வாஷிங்டன் என்ற கறுப்பினக் கலைஞர். நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் பிறந்தவர். தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், தாய் தெற்காசிய வழிவந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. டார்ட்மவுத் கல்லூரியில் படித்தபோது செலவுக்குப் பணமில்லாமல் டாகுரோடைப் தொழிலைக் கற்றுக்கொண்டார். படிப்பைத் தொடர முடியாமல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகருக்கு வந்து 1846-இல் படக்கூடம் திறந்தார். பிரவுன் அப்போது அதிகத் தொலைவில்லாத ஸ்பிரிங்ஃபீல்டில் கம்பளி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வெள்ளையர் நடத்திய படக்கூடங்கள் பலவற்றை விட்டுவிட்டு இவரிடம் வந்து அமர்ந்து, கையை உயர்த்தியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதன் பிறகு இருவரும் போன வழிகள் வேறு. 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது, பிரவுன் ஸ்பிரிங்ஃபீல்டின் கறுப்பின மக்களைத் திரட்டி ஆயுதத் தற்காப்புக் குழு ஒன்றை அமைத்தார். வாஷிங்டனோ இந்த நாட்டில் கறுப்பர் சமமாக வாழ முடியாது என்ற முடிவுக்கு வந்து, 1853-இல் குடும்பத்துடன் லைபீரியாவுக்குக் கப்பலேறினார். அங்கே ஆட்சியாளர்களின் படங்களை எடுத்தார், கரும்புத் தோட்டம் வைத்தார், சட்டமன்ற அவைத் தலைவராகவும் ஆனார். 1875-இல் மன்ரோவியாவில் இறந்தார். அமெரிக்காவைப் பற்றி இவ்விருவருள் யார் சரியாகக் கணித்தார் என்று கேட்டால், என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

இந்தப் படத்திலுள்ள ஜான் பிரவுனை நேரில் பார்த்து எழுதியவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, அந்த நூற்றாண்டில் மிக அதிகமாக ஒளிப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் என்று இன்று அறியப்படும் அவருக்கு முகங்களைப் பார்க்கத் தெரியும். 1847-இல் ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டில் விருந்துண்டதை நினைவுகூரும் அவர், ஆறடிக்குக் குறைந்த உயரம், நரம்போடிய மெலிந்த உடல், தாழ்ந்த நெற்றி, சுத்தமாக மழித்த முகம், சதுரமான வாய், சாம்பல் கலந்த நீலக் கண்கள் என்று பதிவு செய்திருக்கிறார். வீட்டின் எளிமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. வணிகரின் வீடென்று எண்ணிச் சென்றவருக்கு, சாயம் பூசாத மேசையில், மாட்டிறைச்சிச் சாறும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்குமாக உணவு வந்தது. பரிமாறியது மனைவியும் பிள்ளைகளும்.

அந்த மனைவியை நாம் பார்ப்பது 1851 அளவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில். நடுவில் மேரி ஆன் டே பிரவுன். இரு பக்கமும் மகள்கள் ஆனியும் சேராவும். சிறந்த கலைஞர் எடுத்த படமென்று சொல்ல முடியாது. கொடி, சத்தியம் எதுவும் இல்லை. ஆயினும் இந்த வரிசையில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த படம் இதுதான்.

மேரியின் வயது அப்போது 35 அளவில் இருக்கும். அவர் பிரவுனின் இரண்டாம் மனைவி. முதல் மனைவி டயந்தி லஸ்க் 1832-இல் இறந்தார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல் என்பதால் அவருக்கு ஒளிப்படம் இருக்க வழியில்லை. தாயில்லாத ஐந்து பிள்ளைகளுடன் நின்ற 33 வயதுத் தோல் பதனிடுபவரின் வீட்டுக்கு, அங்கே வேலை பார்த்த அக்காவுக்குத் துணையாக நூல் நூற்க வந்தவர் மேரி. பிரவுன் தம் விருப்பத்தைக் கடிதமாக எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். பிரிக்கத் துணிவில்லாமல் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கி, மறுநாள் காலையில்தான் மேரி படித்தார் என்பது குடும்பத்தில் வழங்கிய கதை. 1833-இல் திருமணம் நடந்தபோது மணமகளுக்கு வயது 17.

படம் எடுக்கப்பட்டபோது அவர் பதினொரு குழந்தைகளைப் பெற்றிருந்தார். அவர்களுள் ஆறு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 1843 செப்டம்பரில், ஒஹையோவின் ரிச்ஃபீல்டில், வயிற்றுக்கடுப்பு நோயில் ஒரே மாதத்துக்குள் நான்கு பிள்ளைகள் போனார்கள்: ஒன்பது வயது சேரா, சார்லஸ், பீட்டர், கைக்குழந்தை ஆஸ்டின். படத்தில் இருக்கும் ஆனி, அந்தச் சாவுகள் நடந்தபோது தாயின் வயிற்றில் இருந்தவள். அந்த டிசம்பரில் பிறந்தாள். இன்னொரு பக்கம் இருக்கும் சேரா 1846-இல் பிறந்தவள். இறந்த அக்காளின் பெயரையே அவளுக்கு வைத்திருந்தார்கள். அதே ஆண்டில் அமீலியா என்ற குழந்தை கொதிநீர் பட்டு இறந்தது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு மீண்டும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தால், அதில் துயரத்தைத் தேடத் தோன்றுகிறது. தேடுவது நம் குறை. நீண்ட ஒளியேற்புக்காக அசையாமல் உட்கார்ந்த எல்லா முகங்களிலும் ஒருவித இறுக்கம் இருக்கும். அதைச் சோகம் என்று படிப்பதில் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மேரி வெறுமனே பொறுத்துக்கொண்டவர் என்றும் சொல்ல முடியாது. 1849-இல் கணவர் கம்பளி விற்க ஐரோப்பா போயிருந்த நேரத்தில், நலம் குன்றியிருந்த அவர் வீட்டைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டனில் கறுப்பினத்தவரான டேவிட் ரகிள்ஸ் நடத்திய நீர்ச் சிகிச்சை இல்லத்துக்குச் சென்று தங்கினார். அதற்குச் சற்று முன்னர்தான் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், அடிரோன்டாக் மலையிலுள்ள நார்த் எல்பாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. செல்வந்தரான கெரிட் ஸ்மித் கறுப்பினக் குடும்பங்களுக்கு அங்கே இலவசமாக நிலம் வழங்கியிருந்தார். அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்து உதவுவதாகச் சொல்லிப் பிரவுனும் அங்கே போனார். குளிரும் கல்லும் நிறைந்த அந்தப் பண்ணையை ஆண்டின் பெரும்பகுதி நடத்தியது மேரியும் பிள்ளைகளும்தான். கணவரோ வழக்கு, வியாபாரம், போராட்டம் என்று எப்போதும் வெளியூரில்.

1855-இல் ஐந்து மகன்கள் கான்சஸ் போனார்கள். தந்தையும் பின்னாலேயே போனார். புதிய நிலப்பகுதியில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறிகளின் வாக்கு தீர்மானிக்கும் என்று சட்டம் சொன்னதால், இரு தரப்பும் ஆள் சேர்த்த காலம் அது. 1856-57ஐ ஒட்டி எடுக்கப்பட்ட படங்களில் பிரவுனின் முகம் இன்னும் மழித்தேதான் இருக்கிறது; ஆனால் பத்தே ஆண்டுகளில் இருபது ஆண்டு மூப்பு ஏறிவிட்டது. கன்னம் ஒட்டிப்போய், முடி நரைத்து, வாய் இன்னும் இறுகியிருக்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையில் நடந்தவற்றுள் ஒன்றை மறைத்துவிட்டு இந்த மனிதரைப் பற்றி எழுதக் கூடாது. 1856 மே 24 இரவு, பொட்டவாட்டமி ஓடைக்கரையில், அடிமை முறையை ஆதரித்த குடியேறிகள் ஐந்து பேரை, மகன்கள் நால்வர் உள்ளிட்ட அவருடைய குழு வீட்டிலிருந்து இழுத்துச் சென்று வாளால் வெட்டிக் கொன்றது. அவர்களுள் ஜேம்ஸ் டாயிலும் அவருடைய இரு மகன்களும் இருந்தார்கள். மூன்றாவது மகனையாவது விட்டுவிடும்படி தாய் மகலா டாயில் கெஞ்சியதால் அவன் பிழைத்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பிரவுன் தூக்கை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது, டென்னசியிலிருந்து மகலா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: என் கணவனையும் பிள்ளைகளையும் நீர் நள்ளிரவில் கொண்டுபோனபோது எனக்கு எப்படி இருந்தது என்பது இப்போது உமக்குத் தெரியும் என்பது அதன் சாரம். பிரவுன் குடும்பத்தின் படங்களை அடுக்கும்போது இந்தக் குடும்பத்தையும் நினைவில் வைத்திருப்பதே நியாயம். அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று ஓசவாட்டமியில் பிரவுனின் மகன் ஃபிரெடெரிக் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இனி, அந்தத் தாடிப் படம். பிரவுன் 59 வயதை எட்டிய 1859-இல், வர்ஜீனியாமீது தாக்குதல் நடத்தப் பணம் திரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுக்கப்பட்டது. தாடி நெஞ்சுவரை தொங்குகிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி என்று பார்ப்பவர் ஒவ்வொருவரும் சொல்லிவைத்தாற்போல் சொல்லும் தோற்றம். ஆதரவாளர்களின் வரவேற்பறைகளில் இந்தத் தோற்றத்துக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியாதிருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அக்டோபரில், அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து எழுச்சியைத் தொடங்கும் நோக்கில், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கச் செல்லும் முன் அதைக் கத்தரித்துக் குறைத்துவிட்டார். காயத்தோடு பிடிபட்டு, நீதிமன்றத்தில் படுக்கையில் கிடந்தபடி விசாரணையை எதிர்கொண்டபோதும், தூக்கிலிடப்பட்டபோதும், இருந்தது குட்டைத் தாடிதான். ஒளிப்படத்தை அப்படியே அச்சிடும் தொழில்நுட்பம் பத்திரிகைகளுக்கு அப்போது கிடையாது. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிட்டார்கள். கையில் கிடைத்த அண்மைப் படம் நீண்ட தாடியுடன் இருந்ததால், பிரவுன் என்றாலே அந்தத் தாடி என்றாகிவிட்டது. சிறையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு கறுப்பினக் குழந்தையை அவர் முத்தமிட்டதாகவும் படங்கள் வந்தன. படைவீரர் சூழ அழைத்துச் செல்லப்பட்ட அவரை எந்தத் தாயும் குழந்தையும் நெருங்கியிருக்க முடியாது. அது ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து கிளம்பிய கதை.

அந்தக் கோடையில் அவர் கூட்டிச் சென்றது ஆண்களை மட்டுமன்று. மேரிலாந்தில் கென்னடி பண்ணை என்ற வாடகை வீட்டில் ஆட்களை ஒளித்து வைத்தபோது, அக்கம்பக்கத்தார் சந்தேகப்படாதிருக்க வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும் என்று மனைவியையும் மகளையும் அழைத்தார். மேரி வரவில்லை. 15 வயது ஆனியும், மகன் ஆலிவரின் மனைவியான 17 வயது மார்த்தாவும் வந்தார்கள். ஆலிவரும் மார்த்தாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இரண்டு இளம் முகங்கள். புதிதாக மணமானவர்கள் எந்த ஊரிலும் படக்கூடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும் படந்தான். இந்த வரிசையில் அரசியல் கொஞ்சமும் இல்லாத படம் அது ஒன்றே.

மார்த்தா சமைத்தாள், ஆனி காவல் இருந்தாள். தையலோ புத்தகமோ கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. பக்கத்து வீட்டு ஹஃப்மாஸ்டர் அம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி வந்துவிடுவார். ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வந்தால், மேசை விரிப்போடு தட்டு, உணவு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எல்லாரும் மாடிக்கு ஓடிவிடுவார்கள். 'கண்ணுக்குத் தெரியாத என் ஆட்கள்' என்று ஆனி அவர்களைச் சொல்வாள். செப்டம்பர் இறுதியில் இரு பெண்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அக்டோபர் 16 இரவு தொடங்கிய தாக்குதல் 18 காலையில் முடிந்தது. பிரவுனுடன் போன 21 பேரில் மகன்கள் மூவர். இருபது வயது ஆலிவர் 17 அன்று சுடப்பட்டு இறந்தான். வெள்ளைக்கொடியுடன் பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்ட வாட்சன் சுடப்பட்டு 19 அன்று இறந்தான். அவன் மனைவி இசபெல்லாவுக்கு ஆகஸ்டில்தான் குழந்தை பிறந்திருந்தது. ஓவன் தப்பினான். கருவுற்றிருந்த மார்த்தா அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் குழந்தை பெற்றாள். குழந்தை இறந்தது, சில நாட்களில் அவளும் இறந்தாள். நான் முன்னே சொன்ன அந்த மணமக்கள் படத்தில் இருக்கும் இருவரும் ஆறு மாதத்துக்குள் இல்லை.

வாட்சனின் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வின்செஸ்டர் மருத்துவக் கல்லூரியார் அதை எடுத்துச் சென்று உடற்கூறு மாதிரியாகப் பதப்படுத்தி வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் வடபுலப் படை 1862-இல் அந்த ஊரைப் பிடித்தபோது, இண்டியானாவைச் சேர்ந்த படை மருத்துவர் ஒருவர் அதைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். 1882-இல் மூத்த அண்ணன் ஜான் பிரவுன் இளையவர் அங்கே போய்ப் பார்த்து, இது என் தம்பிதான் என்று உறுதி செய்தார். வாட்சனின் இளமைக்கால ஒளிப்படம் உண்டு. ஆனால் அடையாளம் காணப் பயன்பட்டது முகமன்று, எலும்பும் குண்டு துளைத்த தடமும்தான். அந்த அக்டோபரில் நார்த் எல்பாவில் தந்தைக்கு அருகே அவரை அடக்கம் செய்தபோது தாய் மேரி உயிரோடு இருந்தார், உடனிருந்தார்.

படங்கள் விற்பனைக்கு வந்த கதைக்கு வருகிறேன். பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், குடும்பத்துக்கு உதவ நியூயார்க்கைச் சேர்ந்த தாடியஸ் ஹயட் ஒரு திட்டம் அறிவித்தார்: ஒரு டாலர் நன்கொடை தருவோருக்குப் பிரவுனின் ஒளிப்படம் ஒன்று. டாகுரோடைப் தகட்டுக்குப் பிரதி கிடையாது என்ற நிலை மாறி, ஒரே படத்தைத் தாளில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகியிருந்த காலம் அது. உள்ளங்கை அளவு அட்டைப் படங்கள் வீட்டுக்கு வீடு ஆல்பங்களில் குடியேறத் தொடங்கியதும் அப்போதுதான். கணவரின் முகத்தை விற்ற காசு கைம்பெண்ணின் அடுப்புக்கு வந்தது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; கடன் மிகுந்த குடும்பம், உழைக்கும் மகன்களை இழந்த பண்ணை. ஆனால் அந்த ஒரு டாலரோடு, பார்க்கும் உரிமை ஒன்றும் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது. அதன் பிறகு பிரவுன் வீட்டார் யாரும் வெறும் மனிதர்களாக இருக்க முடியவில்லை.

1864-இல் மேரி மகள்களுடனும் மகன் சால்மனின் குடும்பத்துடனும் வண்டி கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார். ரெட் பிளஃப் ஊர் மக்கள் நிதி திரட்டி அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள்; பின்னர் ஹம்போல்ட் மாவட்டத்திலும், கடைசியாக சாரடோகாவிலும் வாழ்ந்து, 1884-இல் காலமானார். முதுமைக் காலத்து மேரியின் முகத்தை 1851-ஆம் ஆண்டின் முகத்தோடு ஒப்பிட்டால், அதே அகன்ற கன்னங்கள், அதே நேர்ப்பார்வை. மேலும் கனத்த முகம்.

தென் கலிபோர்னியாவில் நடந்தது சற்றே வேடிக்கையானது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து தப்பிய ஓவனும் அவருடைய அண்ணன் ஜேசனும் 1880-களில் பசடேனாவுக்கு வடக்கேயுள்ள மலைச்சரிவில் மரக்குடில் போட்டுக் குடியிருந்தார்கள். குளிர்காலத்தைக் கழிக்க வந்த செல்வர்களுக்கு அவர்கள் காணத்தக்க காட்சியானார்கள். குடில் வாசலில் இரு கிழவர்களும் நிற்கும் படங்கள் அப்போது எடுக்கப்பட்டவை. தாடி வைத்த ஓவனைப் பார்த்தவர்கள் தந்தையையே கண்டதாக மகிழ்ந்துபோயிருப்பார்கள்; ஆனால் அவர் தந்தையைப் போலவே இருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் காட்டாத ஒன்றை, 1859-இல் அவரைப் பிடிக்க வர்ஜீனியா அரசு வெளியிட்ட அறிவிப்பு காட்டுகிறது: சுமார் ஆறடி உயரம், புள்ளி விழுந்த வெளுத்த முகம், செம்பட்டை முடி, அடர்ந்த செம்பட்டைத் தாடி, ஆழ்ந்த நீலக் கண்கள். தலைக்கு விலை வைத்தவர்கள் எழுதியது என்பதாலோ என்னவோ, குடும்பத்தார் எவரைப் பற்றியும் இவ்வளவு கூர்ந்த வருணனை வேறில்லை. ஜேசன் இளமையிலிருந்தே இரத்தம் சிந்துவதை வெறுத்தவர். பொட்டவாட்டமிக் கொலைகளுக்காகத் தந்தையை நேரில் கேட்டவர். சுற்றுலாப் பயணிகளின் படங்களில் அந்த வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டு பிரவுன்கள், அவ்வளவே. ஓவன் 1889 ஜனவரியில் இறந்தார். அந்த மலைக்கு இன்றும் பிரவுன் மலை என்றே பெயர்.

இருபது பிள்ளைகளில் கடைசிவரை இருந்தவர் ஆனி. 1863-இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வர்ஜீனியாவின் நார்ஃபோக் பகுதிக்குப் போனார். பின்னர் கலிபோர்னியாவில் மணந்து, பல பிள்ளைகளைப் பெற்று, வறுமையில் வாழ்ந்து 1926-இல் இறந்தார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக் குழுவினரின் ஒளிப்படங்கள் இன்று ஒரு தாளில் வரிசையாக ஒட்டப்பட்டுப் புத்தகங்களில் வருகின்றன. எல்லாரும் ஒரே கோட்டு, ஒரே முறைப்பு. அந்தத் தாளைக் கொஞ்சமாவது பிரித்துப் பார்க்க உதவுபவை, வரலாற்றாளர்கள் கேட்டபோதெல்லாம் ஆனி எழுதியும் சொல்லியும் கொடுத்த நினைவுகள். ஆரன் ஸ்டீவன்ஸும் சார்லஸ் டிட்டும் மிக நன்றாகப் பாடுவார்கள் என்பது அவர் சொல்லித் தெரிந்ததுதான். அந்த மாடியறையில் அடைபட்டிருந்தவர்கள் செக்கர்ஸ் ஆடினார்கள், படித்தார்கள், இடி இடித்து மழை கொட்டும்போது மட்டும், வெளியே கேட்காது என்ற தைரியத்தில், மனம்போல ஓடியாடிச் சத்தம் போட்டுக்கொண்டார்கள்.